எங்கட சண்டையைத் தவிர

அகிலன்,

உன் மாமனார் வீட்டுக் கழிப்பறைக்குள் நான் இருபது நிமிஷம் இருந்தது வயிற்றுக் கோளாறினால் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது எனக்குச் சுகம். லேனாவைப் பெண் கேட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மனுசன் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் போர்ப் புத்தகங்கள். என் வாய் சும்மா இருக்குமா? முப்பதாண்டுப் போர்க் காலத்துக் கோட்டை முற்றுகை ஒன்றைப் பற்றிய தலையணை மாதிரிப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, மூன்று தரம் வாசித்திருக்கிறேன், நீங்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று விரலை உயர்த்திச் சொன்னேன். அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். முகம் முழுக்கச் சந்தோசம். எனக்கும் உயிரான புத்தகம், அந்த முடிவு நியாயமானது என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். முடிவா? நான் நூற்றுநாற்பதாம் பக்கத்தைத் தாண்டினதில்லை. கோட்டை விழுந்ததா நின்றதா என்றே எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டு எழும்பிப் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, ஹண்டியில், அதுதான் கைத்தொலைபேசியில், தேடினேன். அந்த வீட்டுக் கழிப்பறையில் சிக்னல் ஒரே ஒரு கோடு. கோட்டை விழுந்து முடிய இருபது நிமிஷம் எடுத்தது. வெளியில் வந்தால் லேனாவின் அம்மா வயிற்றுக்கு நல்லதென்று எனக்குக் கமோமில் பூத் தேநீர் ஊற்றி வைத்திருக்கிறா. உன் அம்மா காதுக்குள் வந்து, "அந்தப் பச்சை இறைச்சியை அள்ளித் தின்னாதேங்கோ எண்டு கண்ணைக் காட்டினனான் எல்லோ?" என்றா. நீ பாவம், எனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று நினைத்துத் திரும்பும்போது காரை நாற்பதில் ஓட்டினாய்.

நம் வீட்டில் இருநூறு போர்ப் புத்தகங்கள் இருக்கின்றன. முழுதாக வாசித்தது முப்பதுக்கு மேல் இராது. மற்றவற்றில் முன்னுரை, படங்கள், வரைபடங்கள், கடைசி அத்தியாயம், அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் புத்தகத்தில் கடைசி அத்தியாயமும் தவறிப்போனது. ஆனாலும் ஜேர்மனியின் இந்த டார்ம்ஸ்டாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தத் தமிழனுக்குச் சண்டைப் புத்தகம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பான். நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். முழுக்க வாசித்தவன் நாலு குறையும் சேர்த்துச் சொல்லிக் கேட்கிறவனைக் குழப்பிவிடுவான், எனக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

இப்படிப்பட்டவனிடம்தான் நீ இரண்டு கிழமைக்கு முன்னால் போன் எடுத்துக் கேட்டாய். வாற மாசம் நீயும் லேனாவும் யாழ்ப்பாணம் போகிறீர்கள், உனக்கு அது முதல் தரம். "அப்பா, எங்கட சண்டையைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கோ. ஒண்டு காணும். போக முதல் வாசிக்கோணும்" என்றாய். நான், "தம்பி, விளங்கேல்லை, ட்ராமுக்குள்ளை நிக்கிறன்" என்றேன். "அம்மா வெங்காயம் தாளிக்கிற சத்தம் கேக்குது அப்பா" என்றாய். "அது பிரேக் பிடிக்கிற சத்தம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா அகப்பையோடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தின் மாதத்தாளில் என் பரிந்துரைக்கு ஒதுக்கின இரண்டு பக்கத்திலும் இந்த முறை இதுதான் வரும். மற்றத் தளபதிகளும் வாசிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை என்றைக்கோ கேட்கத்தான் போகிறது.

தளபதிகள் என்பது உன் அம்மாவும் மற்ற அக்காமாரும் எங்களுக்கு வைத்த பெயர். மாதத்தில் முதல் ஞாயிறு பின்னேரம், ரவி மாமாவின் கார் பழக்கும் பள்ளியின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். சின்ன வயதில் ஒருமுறை வந்து வடையை மட்டும் தின்றுவிட்டு ஓடினாய். அங்கே சுவரில் சந்தி வரைந்த காந்தப் பலகை ஒன்று இருக்கிறது. யாருக்கு முதல் வழி என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதில் சின்னச் சின்னக் கார்களை ஒட்டி வைப்பார்கள். நாங்கள் அதில்தான் உலகச் சண்டைகள் எல்லாவற்றையும் நடத்தி முடித்தோம். சிவப்புக் கார் கோட்டைக்காரர், நீலக் கார் முற்றுகை போட்டவர், லொறி பீரங்கி, சைக்கிள்காரன் குதிரைப்படை. ஒருமுறை மாஸ்ரர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே முப்பது வருஷம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்றவர், ஆவேசத்தில் ஒரு படைப்பிரிவு முழுவதையும் தட்டிக் கீழே விழுத்திவிட்டார். அடுத்த நாள் காலையில் பாடம் எடுக்க வந்த ரவி மாமா அம்புலன்ஸ் காரைத் தேடி அலைந்தார்.

வட்டத்துக்கு ஒரே ஒரு விதி. எங்கட சண்டை கிடையாது. முதலாவது கூட்டத்தில் அதைப் பற்றிக் கதைத்தோம். பதினொரு நிமிஷம் தாங்கினது. இரண்டு பேர் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவே இல்லை, இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்க வாசலால் போகிறார். அன்றிலிருந்து உலகத்தில் எவனுடைய சண்டையையும் பேசலாம், எங்களுடையதைத் தவிர. இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் மனுசருக்குக் கதைக்காமல் இருக்க ஏலுமா? நானூறு வருஷத்துக்கு முந்தின ஜேர்மன் கோட்டையைப் பற்றிக் கதைக்கும்போது மாஸ்ரர் மேசையில் குத்தி, "அவன் ஏன் அந்த நேரம் பேச்சுவார்த்தைக்கு ஓமெண்டவன்?" என்பார். ரவி மாமா, "போகாமல் விட்டிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பினம்?" என்பார். இரண்டு பேருடைய குரலும் நடுங்கும். ஜேர்மன் கோட்டைக்காக டார்ம்ஸ்டாட்டில் எந்த ஜேர்மன்காரனும் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

உனக்குச் செய்த ஒரு பிழையையும் இங்கேயே சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பில், வீட்டில் உள்ளவர்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீ கொப்பியும் பென்சிலுமாக வந்து நின்றாய். நான் அந்தக் கிழமை பிரெஞ்சுப் படை ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பின கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். பனி, உறைந்த ஆறு, உடைந்த பாலம், பசியில் குதிரை இறைச்சி. அதையே எடுத்துவிட்டேன். நீ உருண்டை உருண்டை எழுத்தில் மூன்று பக்கம் எழுதினாய். டீச்சர் நாளும் நேரமும் குறித்து, டெர்மின் போட்டு எங்களைக் கூப்பிட்டா. கொப்பியை விரித்து, மிகவும் மரியாதையாக, இலங்கையில் பனி பெய்யுமா என்று என்னைக் கேட்டா. நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில் அந்தச் சின்னக் கதிரையில் இருந்தாய். "இவனுக்குக் கற்பனை கூட, டெலிவிசன் பாக்கிறது கூடிப்போச்சு" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை மேல் பழியைப் போட்டேன். நீ என்னை ஒருதரம் பார்த்தாய். வீட்டுக்கு வரும்போது என் கையைப் பிடிக்காமல் இரண்டடி பின்னால் நடந்து வந்தாய். உண்மையில் நான் கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினவன். விமானத்தில் தந்த இனிப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து அது உருகிப்போனது. அங்கிருந்து மேற்குப் பக்கத்துக்கு ரயில் பிடித்தேன். இதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடாதது எதுவுமில்லை. ஆனால் அந்தப் பாடத்தாளில் இரண்டாவது கேள்வியும் ஒன்று இருந்தது. யாரை விட்டுவிட்டு வந்தார்கள்? அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் முதலாவதிலேயே குதிரைகளை இறக்கினேன்.

போன வசந்தகாலத்தில் கார்த்திக் அந்த விதியை உடைத்தான். அவன் இந்தியப் பிள்ளை, இங்கே கணினி வேலை, ஒரு வருஷமாக வட்டத்துக்கு வருகிறான். எழுதி வைக்காத விதி அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுடைய முறை வந்தபோது பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். எங்கட சண்டை. முழுவதும். வரைபடத்தோடு. "அங்கிள், செம புக். நம்ம லிஸ்ட்ல இது ஏன் இல்லன்னே எனக்குப் புரியல" என்றான். மாஸ்ரர் சீனி போடாத தேநீரைக் கலக்கத் தொடங்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே தலைவர். நான் சொன்னேன்: "தம்பி, வரலாறு எண்டா அதிலை வாற ஆக்கள் முழுப்பேரும் செத்திருக்கோணும். இதிலை வாறவையிலை பாதிப்பேர் இப்பவும் திருவிழாவிலை வடைக்கு வரிசையிலை நிக்கினம்." எல்லாரும் சிரித்தார்கள், தேவைக்கு மேலே சத்தமாக. கார்த்திக்கும் சிரித்தான், காது சிவந்துபோய். "சாரி அங்கிள், தெரியாம கொண்டாந்துட்டேன்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் வரவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

தரம் பார்க்கிறேன் என்று சொல்லி அந்தப் புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னுரையை வாசிக்கவில்லை. பின்னால் பெயர் அட்டவணையில் எங்கள் ஊரைத் தேடினேன். இருந்தது, ஒரே ஒரு பக்க எண்ணோடு. 211. அங்கே ஒரு வசனம். எங்கள் ஊருக்குப் பக்கத்து இயக்க முகாம் ஒரு விடியற்காலையில் தாக்கப்பட்டதென்றும், தாக்கினவர்கள் திருப்பி விரட்டப்பட்டார்கள் என்றும், முகாமில் இருந்தவர்களுக்கு இழப்புக் குறைவு என்றும் சொல்லி, அடுத்த வசனத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் என் கூடப்பிறந்தவ, உன் மாமி வீட்டு முன்னறைச் சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். வட்டக் கண்ணாடி போட்ட, நெற்றி அகன்ற பெடியன். உன் சித்தப்பா வசந்தன். காய்ச்சலில் செத்தான் என்று உனக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். காய்ச்சல் இல்லை. நான் இங்கே வந்த அடுத்த வருஷம் அவன் இயக்கத்துக்குப் போனான். அந்தக் குறைவான இழப்பில் அவனும் ஒருவன். மாமி உன்னை இருத்தி அவனைப் பற்றிக் கதைக்கத்தான் போகிறா. நீ காய்ச்சலைப் பற்றி அவவிடம் விசாரித்தால் மனுசி அந்த இடத்திலேயே எனக்குப் போன் எடுத்துத் தொலைத்துவிடுவா. அதற்கும் பயம்தான். ஆனால் அதற்கு மட்டும் பயந்து இதை எழுதவில்லை.

நான் ஏன் சண்டைப் புத்தகம் வாசிக்கத் தொடங்கினேன் என்று நீ ஒருதரமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஜேர்மன் பழகுவதற்கு என்று சொல்லியிருப்பேன். ஊரிலிருந்து வசந்தன் எழுதினான்: "நீ அங்கை ரெண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு ஹீற்றருக்குப் பக்கத்திலை இரு அண்ணை, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்." எனக்கு அது சுட்டது. அப்போது அகதி முகாமில் இருந்தோம், வேலை செய்ய அனுமதி இல்லை, பகலில் சூடாக இருக்கிற ஒரே இடம் நகர நூலகம். அங்கே போய் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கமென்று சண்டைப் புத்தகங்களைத் தோண்டினேன். என் தம்பி பிழையான வழியில் போகிறான் என்று அவனுக்கே நிரூபிக்க வேண்டும். கடைசியில் ஒன்பது பக்கக் கடிதம் எழுதினேன். சின்னப் படைகள் எங்கே எங்கே தோற்றன, தண்ணீர் இல்லாத கோட்டைக்குள் போனவனுக்கு என்ன நடந்தது, எல்லாம் படம் கீறி, அம்புக்குறி போட்டு. எங்கள் வட்டத்தில்கூட நான் அவ்வளவு திறமாகக் கதைத்ததில்லை. அவனிடமிருந்து பதில் ஒரே ஒரு வரி வந்தது: "அண்ணை, உன்ரை கோட்டையளிலை ஆர் சமைச்சவை?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகங்கள் ஒன்றிலும் அது இல்லை. அவன் என்னைப் பகிடி பண்ணுகிறான் என்று பட்டது. ஒரு வரிக்கு ஒரு வரி திருப்பி எழுதியிருக்கலாம், தம்பி எப்படி இருக்கிறாய் என்றாவது கேட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவனா? நல்ல பதிலாகக் கொடுக்க வேண்டும், அவன் வாயை மூட வேண்டும் என்று திரும்பவும் நூலகத்துக்குப் போனேன். மூன்று கிழமை தேடினேன். நாலாவது கிழமை மாமியின் கடிதம் வந்தது. கனகாலத்துக்குப் பிறகு, நீ பிறந்த வருஷம், ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "நீங்கள் வசந்தன்ரை தமையனோ? உங்கட தம்பிதான் எங்கட முகாமிலை சமையல். கண் சரியில்லை எண்டு ஆயுதம் குடுக்கேல்லை. பருப்புக்கு உப்பு மட்டும் ஒருநாளும் சரிவராது" என்றார். அன்று விடிய அவன் அடுப்படியில் நின்றவன் என்றும் சொன்னார். அவன் என்னைப் பகிடி பண்ணவில்லை, அகிலன். தன்னுடைய வேலையைப் பற்றி எழுதியிருக்கிறான். நான் அவனோடு நடத்தின வாதத்தில் வென்றுவிட்டேன் என்றுதான் பிறகு வந்த வருஷங்கள் எல்லாம் காட்டின. அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு யாருமில்லை, அந்தப் பெருமை தேவையும் இல்லை.

அதனால் எங்கள் வட்டத்துக்கும் உனக்கும் இந்த மாதப் பரிந்துரை இது. சண்டைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் யார் சமைத்தது என்று இருக்கிறதா பாருங்கள். பாண் எங்கிருந்து வந்தது, சப்பாத்து யார் தைத்தது, குதிரைக்குப் புல் எத்தனை வண்டி என்று எழுதினவனை நம்பலாம். நான் முழுதாக வாசித்த முப்பதும் அந்தச் சாதிதான். சாதாரணச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதின கடிதத் தொகுப்புகளை வாசியுங்கள். அதில் பாதிக்கு மேல் சாப்பாடும் காலுறையும்தான். பெரிய தளபதிகள் எழுதின நினைவுகளைச் சிரிப்பதற்கு வாசிக்கலாம். தோற்ற நாளில் எல்லாம் மழை பெய்திருக்கும், பக்கத்துத் தளபதி பிந்தி வந்திருப்பார். ஒரு பக்கத்தான் எழுதினதை வாசித்தால் மற்றப் பக்கத்தான் எழுதினதையும் வாசிக்க வேண்டும், அது கசந்தாலும். கடைசி அத்தியாயத்தை முதலில் வாசிப்பதைப் பற்றி எனக்கு எதிர்ப்பில்லை, மாமனாரோடு சாப்பிடப் போகும்போது அது உதவும்.

எங்கட சண்டைக்கு நான் சொல்லுகிற புத்தகம் கார்த்திக் கொண்டுவந்ததுதான். அவனுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று வாங்கி, இந்த முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். நிதானமான புத்தகம். எழுதினவர் எந்தப் பக்கத்துக்கும் வாலாட்டவில்லை. 211ஆம் பக்கத்தில் குறைவு என்ற சொல் வரும்போது கொஞ்சம் நில். அவர் அங்கேயும் பொய் எழுதவில்லை. மற்ற நாட்களோடு பார்த்தால் அன்றைக்குக் குறைவுதான். மற்ற நாட்டுச் சண்டைகளை வாசிக்கும்போது அந்தச் சொல்லை நானும் தேநீரை உறிஞ்சிக்கொண்டு எத்தனை நூறு தரம் கடந்து போயிருக்கிறேன். அங்கேயெல்லாம் யாரோ ஒருவன் அடுப்படியில் நின்றிருக்கிறான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நீ போய் மாமியைக் கேள், அவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், என்ன பாட்டுப் பாடுவான், யாரோடு சண்டை பிடிப்பான் என்று. நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை. திரும்பி வந்து எனக்கும் சொல்.

நீ எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பிராங்பேர்ட்டில் விமானம் ஏறுகிறாய் என்பதால் உன் பெட்டி எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. போன கிழமை வந்து உன் சாமான்களை வைத்துவிட்டுப் போனாய், அதற்கு மேல் அம்மா ஊருக்குக் கொடுக்கவென்று முழங்கால் பூச்சும் சொக்கிலேட்டுமாக அடுக்கிக்கொண்டிருக்கிறா. இதுவரைக்கும் எழுதி முடித்தவுடன் கடிதத்தைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனேன். அம்மா தராசுக்குப் பக்கத்தில் நின்றா. "என்னப்பா அது? எண்ணூறு கிராம் இருக்கும். அதுக்கு எட்டு சொக்கிலேட் போகும்" என்றா. நான், இது அவன் கேட்ட புத்தகம், கட்டாயம் போக வேண்டும் என்று கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன். அம்மா உன் சேட்டுகளுக்குக் கீழே கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தா. அதே புத்தகம். 211ஆம் பக்கத்தின் மூலை மடித்திருந்தது. மடிப்புக்குள் எர்லாங்கன் புத்தகக் கடை ஒன்றின் பில், நீ அங்கே படிக்கப் போன முதல் வருஷத்துத் திகதியோடு.

அப்பா